மீகாங் கரையில் ஓய்வுக்காலம்: மாதம் 48,000 ரூபாய் போதுமா?

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு 63 வயது. கோவைப் பக்கம் தனியார் ஆலை ஒன்றில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்ஐசி ஆனுவிட்டியும் இபிஎஃப் பென்ஷனும் சேர்ந்து மாதம் 48,000 ரூபாய் வருகிறது. பஞ்சப்படி கிடையாது, ஆயுள் முழுக்க இதே தொகைதான். கையிருப்பு 30 லட்சம், அத்தனையும் அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில். அதன் வட்டியை மாதத்துக்குப் பிரித்தால் 20,500. மனைவிக்கு 58 வயது, சர்க்கரை நோய் உண்டு. சொந்த வீட்டை மகள் பார்த்துக்கொள்வாள். தாய்லாந்தின் வடகிழக்கில், லாவோஸ் எல்லையில் இருக்கும் புவெங் கான் மாகாணத்தில், மீகாங் ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் வாடகை வீடு பிடித்து நிரந்தரமாகத் தங்கிவிட நினைக்கிறார். முடியுமா என்பது கேள்வி.

அந்த ஊரில் சாப்பிட்டு வாழ உங்கள் பணம் போதும். ஆனால் அந்த நாட்டில் தங்க அனுமதி வாங்குவதற்கும் அதே பணம்தான் தேவை. அங்கே கொடுத்துவிட்டால் வாழ்வதற்குக் குறைகிறது. வீடியோக்களில் யாரும் சொல்லாத கணக்கு இது. நான் பாங்காக்கில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் பல வருடம் கணக்குப் பார்த்துவிட்டு, இப்போது அதே வடகிழக்கில் உள்ள உதோன் தானி நகரில் குடியிருப்பவன். உங்களைப் போல வந்தவர்கள், வந்து திரும்பியவர்கள், வந்து மாட்டிக்கொண்டவர்கள் என்று மூன்று வகையையும் பார்த்திருக்கிறேன்.

விசாவிலிருந்து தொடங்குவோம். 50 வயது தாண்டியவர்களுக்குத் தாய்லாந்து தரும் ஓய்வுக்கால அனுமதிக்கு, மாதம் 65,000 பாத் வருமானம் காட்ட வேண்டும்; அல்லது 8 லட்சம் பாத் வங்கியில் வைத்திருக்க வேண்டும்; அல்லது ஆண்டு வருமானமும் வைப்பும் சேர்ந்து 8 லட்சத்தைத் தொட வேண்டும். ஒரு பாத் 2 ரூபாய் 80 காசு என்று வைத்துக்கொள்கிறேன். 65,000 பாத் என்றால் 1 லட்சத்து 82 ஆயிரம் ரூபாய். அது உங்களுக்கு ஆகாது. வருமானமும் வைப்பும் சேர்த்துக் காட்டும் மூன்றாவது வழி சட்டத்தில் இருக்கிறது. ஆனால் வருமானத்துக்கு என்ன சான்று கேட்பார்கள் என்பது இமிகிரேஷன் அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும். அமெரிக்க, பிரிட்டிஷ், ஆஸ்திரேலியத் தூதரகங்கள் தங்கள் நாட்டவருக்கு வருமானக் கடிதம் கொடுப்பதையே 2019 தொடக்கத்தோடு நிறுத்திவிட்டன. அதை நம்பி வீடு காலி செய்ய வேண்டாம். ஆக, மிஞ்சுவது 8 லட்சம் பாத் வைப்பு. ரூபாயில் 22 லட்சத்து 40 ஆயிரம்.

இந்தப் பணம் கட்டணம் அல்ல, உங்கள் பெயரில்தான் இருக்கும், வட்டியும் கொஞ்சம் வரும் என்று ஏஜென்ட்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் விதியைக் கவனியுங்கள். விண்ணப்பத்துக்கு 2 மாதம் முன்பிருந்து 8 லட்சமும் கணக்கில் இருக்க வேண்டும். அனுமதி கிடைத்த பிறகு 3 மாதம் அப்படியே இருக்க வேண்டும். அதன்பின் பாதி வரை எடுக்கலாம்; ஆனால் எந்த நாளிலும் 4 லட்சத்துக்குக் கீழே போகக் கூடாது. அடுத்த வருட விண்ணப்பத்துக்கு முன் மறுபடி 8 லட்சத்துக்கு ஏற்றிவிட வேண்டும். எடுத்த 4 லட்சத்தைத் திருப்பி வைக்க வேறு வழி இல்லாதவர், முதலிலேயே எடுக்க மாட்டார். ஆக நடைமுறையில் அது உங்கள் பெயரில் இருக்கும், உங்களுக்கு உதவாத பணம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். மூத்த குடிமக்கள் திட்டத்தில் 2023 ஏப்ரல் முதல் வட்டி 8.2 சதவீதம். 22.4 லட்சத்தை அங்கிருந்து எடுத்தால் மாதம் 15,300 ரூபாய் வட்டி போகும். அந்தத் திட்டத்தில் பாதியை மட்டும் எடுக்க முடியாது, கணக்கையே முடிக்க வேண்டும். ஒரு வருடம் கடந்து இரண்டு வருடம் ஆகாத கணக்கென்றால் அசலில் ஒன்றரை சதவீதம், அதற்கு மேல் என்றால் ஒரு சதவீதம் பிடிப்பார்கள். நீங்கள் மாதம் 68,500 ரூபாய் வருகிறது என்று எண்ணித்தான் கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அது 24,500 பாத்தை ஒட்டி வரும். கிளம்பிய பிறகு அது 53,200 ரூபாய், அதாவது 19,000 பாத். இதுதான் உங்கள் உண்மையான வருமானம்.

19,000 பாத்தில் இரண்டு பேர் இங்கே வாழலாம். என் கணக்கில், சுமாரான வீட்டு வாடகை 6,000, மின்சாரம், தண்ணீர், இன்டர்நெட் மூன்றுக்கும் 3,000 (ஏப்ரலில் ஏசி ஓடினால் கூடும்), சாப்பாட்டுக்கு 7,500, மோட்டார் பைக் பெட்ரோல், பராமரிப்பு 1,000, மாதாந்திர மருந்து 1,500. கூட்டினால் 19,000 வந்து நிற்கிறது. துணி, செருப்பு, கண்ணாடி, பல் வைத்தியம், வருடம் ஒருமுறை ஊருக்கு இரண்டு பேர் டிக்கெட், மகள் வீட்டு விசேஷம், எதற்கும் இதில் இடமில்லை. மிச்சமிருக்கும் 7 லட்சத்துச் சொச்சத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். அது கரைந்தால் அதன் வட்டியும் கரையும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. உங்கள் வருமானம் நிலையானது என்கிறீர்கள். ரூபாயில் நிலையானது. செலவு பாத்தில். 2010 வாக்கில் ஒரு பாத் ஒன்றரை ரூபாய்க்கும் குறைவு. 2015இல் 1 ரூபாய் 90 காசு அளவில் இருந்தது. 2020இல் 2 ரூபாய் 30, 40 காசு. இதே 48,000 ரூபாய் 2010இல் 34,000 பாத்தாக இருந்திருக்கும். இப்போது 17,000 பாத். பாதி. தாய்லாந்தில் விலைவாசி மெதுவாகத்தான் ஏறுகிறது. 2024இல் ஒட்டுமொத்தப் பணவீக்கம் அரை சதவீதம்கூட இல்லை. அதனால் விலை ஏறும் என்று நான் பயமுறுத்தவில்லை. மார்க்கெட்டில் கத்திரிக்காய் அதே விலைக்கு விற்றாலும் உங்கள் பர்ஸ் சுருங்கும். கோவையில் இருந்தால் ரூபாய் சரிவது உங்களைச் சுற்றி வளைத்துத்தான் தொடும். இங்கே மாதாமாதம் நேராகக் கையில் படும். பஞ்சப்படி உள்ள அரசு ஓய்வூதியர் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் என் பதில் கொஞ்சம் மாறியிருக்கும். ஆனுவிட்டிக்காரருக்கு அந்தத் தடுப்பும் இல்லை. அடுத்த பதினைந்து வருடமும் இதே வேகத்தில் சரியும் என்று நான் ஜோசியம் சொல்லவில்லை. சரிந்தால் உங்களிடம் மாற்று வழி இல்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

சென்னையில் உள்ள தாய்லாந்து துணைத் தூதரகம் வழியாக, ஓய்வு பெற்றவர்களுக்கான ஓ-ஏ என்ற விசாவை வாங்கினால், தொடக்கத்தில் வைப்பு இந்திய வங்கியிலேயே இருக்கலாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சரிதான். ஆனால் அந்த விசாவுக்கு 30 லட்சம் பாத், அதாவது 1 லட்சம் டாலர் அளவுக்கு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். ஒவ்வொரு வருடம் நீட்டிக்கும்போதும் காட்ட வேண்டும். 63 வயதில் அந்தப் பிரீமியமே உங்கள் வீட்டு வாடகையைத் தாண்டலாம். அதனால் பலரும் சாதாரண ஓ விசாவில் 90 நாளுக்கு வந்து, இங்கே வங்கிக் கணக்கு தொடங்கி, ஓய்வுக்கால நீட்டிப்பு வாங்குகிறார்கள். அதற்குக் காப்பீடு கேட்பதில்லை. ஆனால் மோசடிக் கணக்குகளைப் பிடிக்க அரசு இறங்கிய பிறகு, புதிதாக வரும் வெளிநாட்டவருக்குக் கணக்கு தொடங்க வங்கிகள் முன்போல எளிதாகச் சம்மதிப்பதில்லை. பத்து வருடத்துக்கான ஓ-எக்ஸ் விசா 14 நாட்டவருக்கு மட்டும். அதில் இந்தியா இல்லை. வைப்புப் பணத்தை நாங்களே உங்கள் கணக்கில் போட்டுக் காட்டி விசா முடித்துத் தருகிறோம் என்று சில ஏஜென்ட்கள் வருவார்கள். அது மோசடி. பிடிபட்டால் நாடு கடத்துவது உங்களைத்தான், ஏஜென்டை அல்ல.

பணத்தை அனுப்புவதிலும் ஒரு சிக்கல். ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் வெளியே அனுப்பினால், அந்த வரம்புக்கு மேற்பட்ட தொகைக்கு வங்கி 20 சதவீதம் டிசிஎஸ் (முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) பிடிக்கும். ரிட்டர்ன் தாக்கல் செய்தால் திரும்பக் கிடைக்கும், ஆனால் அதுவரை பணம் முடங்கும். மார்ச்சில் ஒரு பாதி, ஏப்ரலில் ஒரு பாதி அனுப்பினால் பெரும்பகுதி தப்பும். தாய்லாந்துக்கு வெளிநாட்டு நாணயமாகவே வந்து இங்கே பாத்தாக மாறியதற்கான சான்றை வங்கியிடம் அன்றைக்கே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இமிகிரேஷனில் கேட்பார்கள்.

இனி ஊருக்கு வருவோம். புவெங் கான் அழகான இடம். 2011இல் நோங் காய் மாகாணத்திலிருந்து பிரித்த புதிய மாகாணம். ரப்பர் தோட்டங்கள், ஆறு, எதிர்க்கரையில் லாவோஸ் மலைகள். ரயில் இல்லை, விமான நிலையம் இல்லை. பாங்காக்குக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். வடகிழக்கின் கிராமங்கள் ஏன் மலிவு என்று யோசித்துப் பாருங்கள். மண் வளம் குறைவு, மழையை நம்பிய நெல், அதனால் உழைக்கும் வயதுக்காரர்கள் பாங்காக்குக்கும் தைவானுக்கும் கொரியாவுக்கும் போய்விட்டார்கள். கிராமத்தில் இருப்பது தாத்தா பாட்டியும் பேரக் குழந்தைகளும். பெரிய பெரிய வீடுகள் பூட்டிக் கிடப்பதைப் பார்ப்பீர்கள். அவை வாடகைக்கு அல்ல. மகனோ மகளோ வெளியூரில் சம்பாதித்துக் கட்டியது. ஒருநாள் திரும்பி வருவார்கள் என்று வைத்திருப்பது. வாடகைக்கு வீடு வேண்டுமென்றால் மாகாணத் தலைநகரிலோ தாலுகா ஊரிலோதான் தேட வேண்டும்.

வீட்டுக்காரர் விஷயத்தில் ஒரு நுணுக்கம். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் டிஎம் 30 என்ற படிவத்தில் இமிகிரேஷனுக்குத் தெரிவிக்க வேண்டும். நகரத்து அபார்ட்மென்ட்களில் இது பழகிய வேலை. கிராமத்து வீட்டுக்காரம்மாவுக்கு இது என்னவென்றே தெரியாது. வீட்டுப் பதிவுப் புத்தகத்தின் நகலை அரசு அலுவலகத்துக்குக் கொடுக்கவும் தயங்குவார்கள்; வரி வருமோ என்ற பயம். அந்த ரசீது இல்லாவிட்டால் உங்கள் நீட்டிப்பு நிற்கும், ஓட்டுநர் உரிமத்துக்கான இருப்பிடச் சான்று நிற்கும். அதனால் வாடகை பேசுவதற்கு முன் இதைப் பேசுங்கள். ஆயிரம் பாத் கூடுதலாகக் கேட்டாலும் இதைச் செய்து தரும் வீட்டுக்காரரே மேல். அதற்குப் பிறகு 90 நாளுக்கு ஒருமுறை இருப்பிட அறிக்கை, வருடத்துக்கு ஒருமுறை 1,900 பாத் கட்டி நீட்டிப்பு.

நாட்டை விட்டு வெளியே போவதற்கு முன் மறு நுழைவு அனுமதி வாங்கியே ஆக வேண்டும். ஒருமுறைக்கு 1,000 பாத், பலமுறைக்கு 3,800. வாங்காமல் போனால் உங்கள் நீட்டிப்பு அந்த நிமிடமே செத்துவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர் ஊரில் அண்ணன் இறந்த செய்தி கேட்டு அவசரத்தில் விமானம் ஏறிவிட்டார். காரியம் முடித்துத் திரும்பி வந்தவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. நம் வயதில் இப்படித் திடீர்ப் பயணங்கள்தான் அதிகம். வந்தவுடனே பலமுறை அனுமதியை வாங்கி வைத்துவிடுங்கள். மறந்தாலும் பாங்காக் விமான நிலையத்தில் வாங்கலாம். அதற்கு அரை மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும், அவ்வளவுதான்.

மருத்துவத்தைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். தாய்லாந்தின் அரசு மருத்துவமனைகள் நல்லவை. அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் தாய்லாந்து மக்களுக்கான 30 பாத் மருத்துவத் திட்டம் ஓய்வு விசாக்காரருக்குக் கிடையாது. 2019இல் வந்த கட்டண முறைப்படி அரசு மருத்துவமனைகளில் நம்மைப் போன்றவர்கள் சுற்றுலாப் பயணியோடு ஒரே மேல் படியில் வருகிறோம். உங்கள் இந்தியக் காப்பீட்டுப் பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள். அநேகமாக இந்தியாவுக்குள் நடக்கும் சிகிச்சைக்கு மட்டும் என்று இருக்கும். இங்கே புதிதாக எடுத்தால் உங்கள் மனைவியின் சர்க்கரையையும் அதனால் வரும் எதையும் விலக்கிவிட்டுத்தான் தருவார்கள். சர்க்கரை நோயாளிக்கு அதை விலக்கிவிட்டால் பாலிசியில் என்ன மிச்சம்? சிறுநீரகம், கண், கால், இதயம் எல்லாம் அந்த விலக்கில் அடங்கிவிடும். மருந்துக் கடைகளில் எல்லாம் கிடைக்கும். ஆனால் நம் ஊர் ஜெனரிக் விலையை மறந்துவிட வேண்டும்.

தூரம் அடுத்தது. புவெங் கான் நகரில் மாகாண மருத்துவமனை இருக்கிறது. சாதாரணக் காய்ச்சல், டெங்கு, எலும்பு முறிவு எல்லாம் பார்ப்பார்கள். நெஞ்சு வலி என்று பெரிதாக ஏதாவது வந்தால் உதோன் தானிக்கோ கோன் கேனுக்கோ போக வேண்டியிருக்கும். கோன் கேன் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீநகரின் மருத்துவமனையும் அங்குள்ள சிரிகித் அரசி இருதய மையமும்தான் இந்தப் பகுதிக்கே பெரியவை. புவெங் கானிலிருந்து உதோன் தானி ஏறக்குறைய 190 கிலோமீட்டர். அங்கிருந்து கோன் கேன் இன்னும் 120. ஆற்றங்கரைச் சிற்றூரிலிருந்து என்றால் அதற்கு மேலும் கூட்டிக்கொள்ளுங்கள். 1669க்கு ஃபோன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும்; ஆனால் இரவு இரண்டு மணிக்கு வீடு எங்கே இருக்கிறது என்று தாய்லாந்து மொழியில் சொல்ல உங்களால் முடிய வேண்டும். கிராமத்தில் பேசுவதோ லாவோஸ் மொழியை ஒட்டிய ஈசான், அதாவது வடகிழக்குப் பேச்சு. செயலியில் படித்த பாங்காக் மொழியை வைத்து அங்கே பாதிதான் புரிந்துகொள்ள முடியும். விசா வைப்பாக வைத்த அந்த 8 லட்சம் பாத்தை ஆஸ்பத்திரிக்குக் கட்டினால் உயிர் பிழைக்கலாம், ஆனால் அடுத்த நீட்டிப்பு கிடைக்காது. இப்படிக் கட்டிவிட்டு, சக்கர நாற்காலியில் ஊர் திரும்பிய ஐரோப்பியர்களை இங்கே பார்த்திருக்கிறேன்.

வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொங்தேவ் எனப்படும் பகிர்வு வண்டிகள் சாயங்காலத்தோடு நின்றுவிடும். பைக் இல்லாமல் கிராமத்தில் ஒன்றும் நடக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் 2018 அறிக்கையில் தாய்லாந்தின் சாலைச் சாவு லட்சம் பேருக்கு 32.7, உலகிலேயே மோசமான நாடுகளில் ஒன்று. இறந்தவர்களில் நான்கில் மூன்று பேர் இரண்டு, மூன்று சக்கர வண்டிக்காரர்கள். நீங்கள் கோவையில் கார் மட்டுமே ஓட்டியவர் என்றால் 63 வயதில் இங்கே பைக் கற்றுக்கொள்ள வேண்டாம். முறையான இரு சக்கர உரிமம் இல்லாமல் விழுந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் மனைவிக்குத் தனியாக 8 லட்சம் வைப்பு தேவையில்லை. உங்களைச் சார்ந்தவராக அவருக்கு அனுமதி கிடைக்கும். திருமணச் சான்றிதழை பாங்காக்கில் உள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி, தாய்லாந்து மொழியில் பெயர்த்து, தாய்லாந்து வெளியுறவு அமைச்சகத்தில் முத்திரை வாங்க வேண்டும், அவ்வளவுதான். இதைச் சலுகை என்று எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள். ஆனால் யோசியுங்கள்: உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால், அவர் தங்கும் உரிமை உங்கள் அனுமதியோடு முடிகிறது. விசாவுக்கான வைப்பு உங்கள் ஒருவர் பெயரில்தான் இருக்க வேண்டும். கூட்டுக் கணக்கைப் பெரும்பாலான அலுவலகங்கள் முழுத் தொகையாக ஏற்பதில்லை. கணக்குதாரர் இறந்த தகவல் வந்ததும் வங்கி கணக்கை முடக்கும். அதன்பின் தாய்லாந்து நீதிமன்றம் சொத்து நிர்வாகியை நியமிக்கும் வரை 22 லட்சம் ரூபாய் நகராது. உங்கள் மனைவி மொழி தெரியாத ஊரில், தங்கும் உரிமை முடிந்த நிலையில், வழக்கறிஞரைத் தேட வேண்டும். நம் ஊரில் போல நாமினி பெயர் எழுதிவிட்டுப் போகும் வழக்கம் இங்கில்லை. தாய்லாந்து மொழியில் உயில் ஒன்று இங்கே எழுதி, மனைவியையே நிர்வாகியாகப் போட்டு, ஒரு நகல் மகளிடம் கொடுத்துவிட்டால் நீதிமன்ற வேலை எவ்வளவோ சுலபமாகும். வரும் முதல் மாதத்திலேயே செய்ய வேண்டிய காரியம் இது. நான் பார்த்தவரை பத்தில் ஒருவர்கூடச் செய்வதில்லை.

வரியில் அதிகச் சிக்கல் இல்லை. 2024 ஜனவரி 1 முதல், ஒரு வருடத்தில் 180 நாளோ அதற்கு மேலோ இங்கே இருப்பவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் வருமானம் தாய்லாந்தில் வரிக் கணக்குக்கு உட்படும். உங்கள் பென்ஷன் வருடத்துக்கு 2 லட்சத்துச் சொச்சம் பாத். உங்களுக்கும் வருமானமில்லாத மனைவிக்குமான கழிவு ஆளுக்கு 60,000, அதன்பின் முதல் 1,50,000க்கு வரியில்லை. ஆக வரி வராது. ஆனால் இந்தியப் பக்கம் என்ஆர்ஐ (வெளிநாடு வாழ் இந்தியர்) ஆகிவிடுவீர்கள். சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ (என்ஆர்ஐக்கான ரூபாய்க் கணக்கு) ஆக்க வேண்டும், அதன் வட்டியில் 30 சதவீதத்துக்கு மேல் டிடிஎஸ் (வங்கியே பிடிக்கும் வரி) போகும், வரி பிடிக்க வேண்டாம் என்று கேட்கும் 15எச் படிவம் கொடுக்க முடியாது, மூத்த குடிமக்கள் திட்டத்தில் புதுக் கணக்கு தொடங்க முடியாது. எல்ஐசிக்கும் இபிஎஃப்ஓவுக்கும் வருடா வருடம் உயிர்ச் சான்று. ஆதார் முகப் பதிவில் செல்போனிலேயே முடிக்கலாம், ஆனால் ஓடிபி வரும் இந்திய சிம்மை உயிரோடு வைத்திருக்க வேண்டும். அது செத்தால் உங்கள் பென்ஷன் கணக்கும் பாதி செத்த மாதிரிதான்.

சாப்பாடு சமாளிக்கலாம். முருங்கை, பாகல், பீர்க்கை, புளி, தேங்காய், எல்லாம் உண்டு. துவரம்பருப்பும் உளுந்தும் பாங்காக்கின் பாஹுரத் பகுதிக் கடைகளிலிருந்து தபாலில் வரவழைத்துக்கொள்ளலாம். நீங்கள் சைவம் என்றால் வெளியே சாப்பிடுவது கஷ்டம். இங்கே பப்பாளிக் கலவையில்கூட நொதித்த மீன் விழுதுதான் உயிர். மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். மின்னழுத்தம் நம் ஊரைப் போலத்தான்.

இவ்வளவும் சொல்லிவிட்டு வரவே வேண்டாம் என்றால் நான் இங்கே இருப்பதற்கு அர்த்தமில்லை. உங்கள் நிலையில் நான் செய்யக்கூடியது இதுதான். அஞ்சலகக் கணக்கைத் தொட மாட்டேன். நிரந்தரக் குடிபெயர்வு என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, வருடம் மூன்று மாதம் என்று வருவேன். 2024 ஜூலை முதல் இந்தியர் விசா இல்லாமல் 60 நாள் தங்க அனுமதித்தார்கள். இமிகிரேஷனில் 1,900 பாத் கட்டி இன்னும் 30 நாள் நீட்டிக்கலாம். இந்த விதி அடிக்கடி மாறக்கூடியது. டிக்கெட் போடும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். நாள் குறைந்திருந்தால் அதற்கேற்பச் சுற்றுலா விசா எடுத்துக்கொள்ளலாம். வைப்பு வேண்டாம், என்ஆர்ஐ ஆக வேண்டாம், 180 நாள் வரிப் பேச்சு வேண்டாம். மூன்று மாதத்துக்கான பயணக் காப்பீட்டை, மனைவியின் சர்க்கரையை மறைக்காமல் எழுதி எடுங்கள். முழு 68,500 ரூபாயும் உங்கள் கையில் இருக்கும். அந்த மூன்று மாதத்துக்கு அது தாராளம்.

ஊரையும் மாற்றுவேன். புவெங் கான் சிற்றூருக்குப் பதில் நோங் காய் நகரம். அதே மீகாங்தான், அதே சூரிய அஸ்தமனம்தான். பாங்காக்கிலிருந்து நேரே ரயில் வருகிறது. உதோன் தானியின் பெரிய மருத்துவமனைகளும் விமான நிலையமும் 55 கிலோமீட்டரில். 1994இல் திறந்த நட்புறவுப் பாலத்தைத் தாண்டினால் லாவோஸின் தலைநகர் வியந்தியேன். ஊருக்கு வெளியே சாலா கேவ் கூ என்ற சிற்பத் தோட்டம் இருக்கிறது. ஏழு தலை நாகத்தின் கீழே அமர்ந்த புத்தர், நம் ஊர்த் தெய்வங்கள் எல்லாம் பிரம்மாண்டமான சிமெண்ட் உருவங்களாக நிற்கும். உங்கள் மனைவிக்குப் பிடிக்கும். வாடகை புவெங் கானைவிட ஆயிரம், இரண்டாயிரம் பாத் கூடுதலாக இருக்கலாம். அது மருத்துவமனைக்கான தூரத்தைக் குறைக்க நீங்கள் கட்டும் பிரீமியம்.

நவம்பர் பாதியில் வந்து பிப்ரவரி பாதியில் கிளம்பினால் நல்ல பருவம். அதற்குப் பிறகு கரும்புக் காட்டுக்குத் தீ வைத்த புகையும் வெயிலும் சேர்ந்துவிடும். ஆனால் எப்போதாவது நிரந்தரமாகத் தங்குவது பற்றி மறுபடி யோசிப்பதாக இருந்தால், அந்த முடிவை டிசம்பரில் எடுக்காதீர்கள். டிசம்பரில் இந்த ஊரைப் பார்த்து ஏமாறாதவர் இல்லை. ஏப்ரலில் 40 டிகிரியில் ஒரு வாரம், செப்டம்பர் மழையில் ஒரு வாரம் வந்து பாருங்கள். 2024 செப்டம்பரில் யாகி புயலுக்குப் பின் மீகாங் கரை மீறி நோங் காய் நகருக்குள்ளேயே புகுந்தது. ஆற்றங்கரை வீடு பார்க்கும்போது தூண்களில் வெள்ளம் வந்த அடையாளக் கோடு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். மேல் மாடி இல்லாத வீடு வேண்டாம்.

அடுத்து எழுதும்போது இரண்டு விவரம் சேர்த்து எழுதுங்கள். மனைவி இன்சுலின் போடுகிறாரா, மாத்திரை மட்டுமா. ஆனுவிட்டி உங்கள் காலத்துக்குப் பிறகு அவருக்கும் தொடர்கிறதா, உங்களோடு நின்றுவிடுகிறதா. இரண்டாவதற்கு நிற்கிறது என்பது பதிலானால், மேலே சொன்ன மூன்று மாதத் திட்டத்தில்கூட அவர் பெயரில் தனியாக ஒரு தொகையை ஒதுக்கிவிட்டுத்தான் டிக்கெட் பார்க்க வேண்டும்.